மூன்று வீட்டிலும் பொங்கிய பால்

காரிமங்கலத்தில் ஒரு செய்தி ஊர் முழுக்கப் பரவ வேண்டுமென்றால் இரண்டு வழி உண்டு. ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சுற்றலாம். அல்லது பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் சசி கம்ப்யூட்டர்ஸ் கடைக்குப் போய், "யாருகிட்டயும் சொல்லிடாதீங்க" என்று சசிகலாவிடம் சொல்லலாம். இரண்டாவது வழியில் டீசல் மிச்சம்.

சசிகலா கெட்டவள் இல்லை. வாயில் எதுவும் தங்காது, அவ்வளவுதான். மனு டைப் அடிப்பது, ஜெராக்ஸ் எடுப்பது, பயோடேட்டா தயார் செய்வது என்று பகல் முழுக்கக் கை ஓடிக்கொண்டிருக்கும். வாய் அதற்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்டவளுக்குப் பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் கம்ப்யூட்டருக்குள்ளேயே குடிவந்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

ஒரு நாள் காலை, அவள் வழக்கமாக எழுதும் எடிட்டரைத் திறந்தபோது வலது ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம் இருந்தது. இடது பக்கம் நாம் எழுத வேண்டியது. வலது பக்கம் அந்த ஏஐ உதவியாளரிடம் பேச வேண்டியது. நாம் இந்தப் பக்கம் எழுதுவதை அது படித்துக்கொண்டே இருக்கும். கேட்டால் கருத்துச் சொல்லும். 'சேர்' என்ற பொத்தானை அமுக்கினால், தான் எழுதியதை நேராக நம் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும். மதில் மேல் கை ஊன்றி நம் சமையலை எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரியைப் போலவே இருந்ததால், சசிகலா அதற்குப் 'பக்கத்து வூட்டம்மா' என்று பெயர் வைத்தாள். 'வாங்க, போங்க' என்று மரியாதையாகவே டைப் அடித்தாள். என்ன கேட்டாலும் 'அருமையான கேள்வி!' என்று அது ஆரம்பித்ததில் அவளுக்கு ஏகப்பட்ட குஷி. கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அவளுடைய எந்தக் கேள்வியையும் யாரும் அருமை என்று சொன்னதில்லை.

முதல் மனு ஆண்டிப் பெரியவருடையது. தெருவிளக்கு எரியவில்லை என்று இரண்டு வரி எழுதச் சொன்னார். பக்கத்து வூட்டம்மா, 'காரிருளில் தத்தளிக்கும் எங்கள் வீதியின் கண்ணீர்க் குரல்' என்று தொடங்கி ஒரு முழுப் பக்கம் எழுதித் தள்ளியது. சசிகலா உரக்கப் படித்துக் காட்டினாள். ஆண்டி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நம்ம தெருவுக்கு இவ்ளோ கஷ்டம் இருக்குதுன்னு எனக்கே தெரியாம போச்சேம்மா" என்றார்.

இந்தக் குஷியில் அவள் மிதந்துகொண்டிருந்த சமயத்தில்தான் பட்டிமன்ற வாய்ப்பு வந்தது. வணிகர் சங்கப் பொங்கல் விழாவில், காணும் பொங்கலன்று மாலை, 'குடும்பத்தில் பொறுமை அதிகம் யாருக்கு? கணவனுக்கா, மனைவிக்கா?' என்று தலைப்பு. மனைவியர் அணியில் பேசவேண்டிய தருமபுரிப் பேராசிரியை வரமுடியவில்லை. "நல்லா பேசற பொம்பள யாரு இருக்காங்க?" என்று சங்கத்தில் கேட்டபோது, நாலைந்து பேர் ஒரே குரலில் சசிகலா பெயரைச் சொன்னார்களாம். அதில் கிண்டல் எவ்வளவு, பாராட்டு எவ்வளவு என்று அவள் ஆராயவில்லை.

அவளுக்கு இது விளையாட்டு இல்லை. கல்லூரியில் படிக்கிற காலத்திலிருந்தே மேடை ஏற வேண்டும் என்று ஆசை. சப்பாத்தி தேய்க்கும்போதெல்லாம் 'நடுவர் அவர்களே' என்று மாவைப் பார்த்துப் பேசுவாள். நடுவராக வருகிறவர் சேலத்துச் சொல்மாரி கிருஷ்ணப்பன். ஊர் ஊராகப் போய்ப் பட்டிமன்றம் நடத்துகிறவர். அவருடைய குழுவில் ஒரு பெண் பேச்சாளர் விலகிவிட்டார் என்றும், காரிமங்கலத்தில் யாராவது நன்றாகப் பேசினால் ஓசூர் மேடைக்கு அழைத்துப் போகப்போகிறார் என்றும் சங்கச் செயலாளர் சொன்னார். அன்றிலிருந்து சசிகலாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த இடம் அவளுக்கு வேண்டும். எப்படியாவது வேண்டும்.

பக்கத்து வூட்டம்மாவிடம் போனாள். 'எங்க வீட்டில் நடந்த மாதிரி நகைச்சுவையாக, தருமபுரி மாவட்டத்துக்குத் தகுந்த மாதிரி, மனைவி பக்கம் பேச எழுதிக் குடுங்க' என்று கேட்டாள். 'அருமையான தலைப்பு!' என்று ஆரம்பித்து அது பொழிந்தது. பாலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால், பொங்கி வழிகிறவரை பார்த்துக்கொண்டே நின்ற கணவன். சர்க்கரை டப்பா கண்ணெதிரே இருந்தும் வீடு முழுக்கத் தேடிய கணவன். முடிவில் ஒரு முத்தாய்ப்பு: 'குடும்பம் என்பது ஒகேனக்கல் பரிசல்! ஆர்ப்பரிக்கும் காவிரியில் அது கவிழாமல் காப்பது மனைவி என்னும் துடுப்பு!'

சசிகலா நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கைதட்டினாள். ஜெராக்ஸுக்கு வந்தவர்களும் எதற்கென்று தெரியாமலேயே தட்டினார்கள்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு போய் மனப்பாடம் செய்திருப்பார்கள். சசிகலாவால் முடியுமா? 'காரிமங்கலம் பட்டிமன்றம்' என்ற வாட்ஸ்அப் குழுவில் இரண்டு அணியினரும் இருந்தார்கள், நடுவரும் இருந்தார். அதில் போட்டுவிட்டாள். எந்த எடிட்டர், எங்கே கட்டம், என்ன கேட்க வேண்டும், எல்லாம். 'தருமபுரி மாவட்டத்துக்குத் தகுந்த மாதிரின்னு மறக்காம சேருங்க, அப்பதான் மண்வாசனை வருது' என்று குறிப்பு வேறு. அதோடு விட்டாளா? அவளுடைய அணித் தலைவியான ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஜானகியம்மாள் வீட்டுக்கே போய் லேப்டாப்பில் எடிட்டரை ஏற்றிக் கொடுத்தாள். எதிரணி அப்துல் ரஷீத் பாயின் ஜவுளிக்கடைக் கம்ப்யூட்டரிலும் ஏற்றினாள். அதே எதிரணியின் கடைசிப் பேச்சாளரான பஸ் கண்டக்டர் சவுரியப்பனுக்குப் போனிலேயே வழி சொன்னாள்.

"எதிரிக்குப் போயி யாராச்சும் அரிவாள தீட்டிக் குடுப்பாங்களா?" என்று கேட்டான் அவள் கணவன் முனிராஜ். தக்காளி ஏற்றிப் பாலக்கோடு மண்டிக்கு டெம்போ ஓட்டுகிறவன், அதிகம் பேசமாட்டான். அந்த வீட்டில் அவனுக்கு முறை வருவதே அபூர்வம்.

"நல்ல விஷயம் நாலு பேருக்குத் தெரியட்டுமேங்க. நீங்க இப்டி உக்காருங்க. நான் பேசறேன், நீங்க கைதட்டுங்க."

அவன் உட்கார்ந்தான். கை தட்டினான். இப்படியே தினமும் நடந்தது.

காணும் பொங்கலன்று மைதானம் நிரம்பிவிட்டது. கரும்பு கட்டிய மேடை. வெளிச்சம் இன்னும் மறையவில்லை. முன்வரிசையில் வெள்ளைச் சட்டையில் முனிராஜ். மேடையில் மயில்கழுத்துப் பச்சைப் பட்டுப் புடவையில் சசிகலா, மடியில் பிரிண்ட் எடுத்த தாள். பயம் இல்லை, சந்தோஷம்தான்.

முதலில் ஜானகியம்மாள் எழுந்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். "நடுவர் அவர்களே! நேற்று எங்கள் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? அடுப்பில் பாலை வைத்துவிட்டு, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என் கணவரிடம் சொன்னேன்..."

சசிகலாவின் முதுகு நிமிர்ந்தது. அய்யோ.

"...பொங்கி வழிகிறவரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்! இங்கே சிரிப்பொலி எழும். சற்று நிறுத்தவும்."

தலைமையாசிரியை அல்லவா, தாளில் இருந்ததை ஓர் எழுத்து விடாமல் வாசித்துவிட்டார். வாசித்தபடியே நிறுத்தவும் செய்தார். கூட்டம் ஒரு கணம் விழித்தது. பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து கிளம்பிய சிரிப்பு மைதானம் முழுக்கப் பரவியது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாத ஜானகியம்மாள், தன் நகைச்சுவை இவ்வளவு எடுபடும் என்று எதிர்பார்க்காததால், முகம் மலர்ந்து சர்க்கரை டப்பாவுக்குப் போனார். பிறகு பரிசல் ஏறினார். மனைவி என்னும் துடுப்பைச் சுழற்றி இறங்கினார். சசிகலாவின் தாளில் இருந்தது மொத்தமும் காலி.

அடுத்து ரஷீத் பாய். ஜவுளிக்கடையில் கோபமாக வருகிறவர்களையும் சிரிக்கவைத்துத் துணி கிழித்துக் கொடுக்கிற ஆள். எழுந்ததுமே கூட்டம் கைதட்டியது. அவர் தாளைப் பார்த்தார், ஜானகியம்மாளைப் பார்த்தார், சசிகலாவை ஒரு பார்வை பார்த்தார். வேறு வழியில்லாமல் ஆரம்பித்தார்.

"நடுவர் அவர்களே, நேத்து எங்க வூட்ல... அடுப்புல பால வெச்சிட்டு என் வூட்டம்மா போன் பாத்துக்கிட்டே இருந்ததுல..."

"பொங்கலோ பொங்கல்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கிளம்பியது. மைதானமே சேர்ந்து கூவியது.

பெண்கள் பக்கத்தில் ரஷீத் பாயின் மனைவி வஹிதா எழுந்து நின்றுவிட்டார். "ஏங்க, நம்ம வூட்ல எப்பங்க பொங்குச்சு?"

"மேடைக்காகச் சொல்றது, உக்காரு வஹிதா" என்று பாய் மைக்கிலேயே கெஞ்சினார். 'கணவன் என்னும் துடுப்போடு' பாய் பரிசல் ஏறியபோது, கூட்டம் கையை ஆட்டித் துடுப்புப் போட்டுக் காட்டியது. முன்வரிசையில் முனிராஜ் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து பாதி சரிந்துவிட்டான். அந்தப் பேச்சு முழுவதும் அவனுக்கு மனப்பாடம் அல்லவா.

சசிகலாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அடுத்தது அவள். இன்னொரு தடவை பாலைப் பொங்கவிட்டால் இந்த ஊரில் இனி ஜெராக்ஸ் கடை நடத்த முடியாது. ஆயுசுக்கும் பால்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஓசூர் எங்கே, அவள் எங்கே. எல்லாம் இந்த வாயால் வந்தது.

"அடுத்து, சகோதரி சசிகலா" என்றார் நடுவர்.

மைக் முன்னால் நின்றாள். தாளைப் பார்த்தாள். அதைக் குறுக்காகக் கிழித்து மேசை மேல் வைத்தாள்.

"நடுவர் அவர்களே, என் பேச்சு முடிஞ்சிடுச்சுங்க" என்றாள்.

துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"எனக்கு முன்னாடி பேசுன ரெண்டு பேருமே என் பேச்சத்தான் பேசுனாங்க. அவங்க மேல தப்பே இல்லீங்க. கம்ப்யூட்டருல நான் எழுதற எடிட்டருக்குள்ளயே ஒரு அம்மா குடிவந்திருக்காங்க. கேட்டா எழுதிக் குடுப்பாங்க. நானே கேட்டுட்டு, நானே வூடு வூடா போயி இவங்களுக்கும் அந்தம்மாவ அறிமுகப்படுத்தி வெச்சேன். அவங்க பாவம், வஞ்சன இல்லாம எல்லாருக்கும் ஒரே பாலத்தான் ஊத்தியிருக்காங்க."

சிரிப்பு அலையாக வந்து மேடையில் மோதியது. ஜானகியம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தன் தாளை முதல் தடவையாகச் சந்தேகத்தோடு பார்த்தார். சசிகலாவுக்குள் பூட்டு ஒன்று திறந்துகொண்டது. பேசுவதற்கு விஷயம் வேண்டும் என்று யார் சொன்னது? நடந்ததைச் சொன்னால் போதாதா?

"அதுமட்டுமில்லீங்க. எனக்கு அப்புறம் சவுரியப்பன் அண்ணன் பேசணும். அவரு கண்டக்டருன்னு சொல்லி, என்ன பேசுவாருன்னும் அந்தம்மாகிட்டயே கேட்டு வெச்சிருக்கேன். 'குடும்பம் ஒரு பேருந்து, ஓட்டுறது மனைவி, எங்க கையில வெறும் விசில்தான்'னு ஆரம்பிப்பாரு. சரியாண்ணா?"

சவுரியப்பன் தன் தாளை எடுத்துப் பார்த்தார். எழுந்து நின்று கூட்டத்துக்குக் காட்டினார். "அச்சு அசலா இதாங்க!" என்று கத்திவிட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"நடுவர் ஐயா, நீங்களும் அந்தக் குரூப்புலதான் இருக்கீங்க. உங்க தீர்ப்பையும் அந்தம்மாகிட்ட கேட்டு வெச்சிருக்கேன்" என்று திரும்பினாள். "'கணவனும் மனைவியும் பரிசலின் இரண்டு துடுப்புகள், இருவரும் சமம்'னு முடிக்கப் போறீங்க. சொன்னா கோச்சுக்காதீங்க."

கிருஷ்ணப்பன் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து அவளிடமே நீட்டினார்.

"பரிசலுக்கு ஏதுங்க ரெண்டு துடுப்பு?" என்று ஒகேனக்கல் பக்கத்துக்காரர் யாரோ கூட்டத்திலிருந்து கோபமாகக் கேட்டார். "ஒத்தத் துடுப்புதான்!"

"அதாங்க! அந்தம்மா பாவம், ஒகேனக்கல் பேரு கேட்டிருக்காங்க, பரிசல் ஏறுனதில்ல. ஒத்தத் துடுப்புதான். ஒருத்தரு வேர்க்க வேர்க்கத் துடுப்புப் போடணும், இன்னொருத்தரு கம்முனு உக்காந்திருக்கணும். எங்க வூட்ல யாரு எதுன்னு சொல்றேன், கேளுங்க."

இங்கே அவள் நிறுத்தினாள். யாரும் எழுதிக் கொடுக்காத நிறுத்தம். முன்வரிசையில் முனிராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"எங்க வூட்ல பால் காய்ச்சறதே இவருதாங்க. ஒரு நாளும் பொங்கவிட்டதில்ல. போன ஞாயித்துக்கெழம இவரு மாடிக்குத் துணி காயப்போடப் போனாரு. பால ஒரு நிமிஷம் பாத்துக்கோன்னு என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு. நான் அப்ப அந்தம்மாகிட்ட ரொம்ப முக்கியமா பேசிக்கிட்டு இருந்தேன். என்னான்னு கேளுங்க. புருஷன் பால் பொங்கவிட்ட ஜோக்க இன்னும் கொஞ்சம் நல்லா எழுதிக் குடுங்கன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்!"

அவ்வளவுதான். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை 'பொங்கலோ பொங்கல்' வெடித்தது. வஹிதா பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பொங்கி, வத்தி, தீஞ்சு, பொகையே வந்துடுச்சு. நான் 'சேர்' பொத்தானை அமுக்கிக்கிட்டு இருக்கேன். இவரு ஓடியாந்து அடுப்ப நிறுத்துனாரு. நான் நடுங்கிப் போயிட்டேன். இவரு ஒரு வார்த்த பேசல. நார எடுத்து, அந்தப் பாத்திரத்த உக்காந்து தேச்சாரு. தேச்சுக் கவுத்துட்டு வந்து, எதிர உக்காந்து, 'அப்புறம், அந்த ஜோக்கு முடிஞ்சிச்சா சசி? சொல்லு, கைதட்டறேன்'னாரு."

சொல்லும்போதே அவள் குரல் தழுதழுத்துவிட்டது. சிரிக்கவைக்கத்தான் ஆரம்பித்தாள். அந்தக் கரி பிடித்த பாத்திரமும் அவன் முழங்கை வரை ஈரமாக வந்து உட்கார்ந்ததும் கண்முன்னால் வந்து நின்றதும், இந்த மனுஷனைத்தான் இத்தனை நாளாக அவனுக்கு எதிரிலேயே பழித்து ஒத்திகை பார்த்தோம் என்று சுருக்கென்றது. அவன் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை பொங்கியது, அத்தனை பேர் நடுவில்.

"நான் மனைவியருக்குத்தான் பொறும அதிகம்னு பேச வந்தேன். ஆனா பொய் சொல்ல வாய் வரலீங்க. நன்றி, வணக்கம்."

நடுவர் மணியடிக்க மறந்துவிட்டார். மைதானம் எழுந்து நின்றது. முனிராஜ் மட்டும் எழவில்லை. தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது இரண்டும் சிவந்திருந்தன.

சவுரியப்பன் மைக்குக்கு வந்து, "எங்க அணிக்கு இதுக்கு மேல நான் என்னத்தங்க பேசறது? ஜெயிச்சுக் குடுத்தாச்சு" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். எந்த ஊரிலும் இரண்டு பக்கமும் சமம் என்றே தீர்ப்புச் சொல்லிப் பழகிய கிருஷ்ணப்பன், தாள் இல்லாமல் கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு, பொறுமை கணவனுக்கே என்று பட்டென்று சொல்லி உட்கார்ந்தார். ஆண்கள் பக்கம் விசில் பறந்தது.

மேடைக்குப் பின்னால் ஜானகியம்மாள் சசிகலாவைப் பிடித்துக்கொண்டார். "நம்ம அணியத் தோக்கடிச்சிட்டியேம்மா! எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்ச நீ?"

"உங்க பள்ளிக்கூடந்தாங்க டீச்சர்."

அவர் பதிலுக்கு என்ன சொல்லியிருப்பாரோ, அதற்குள் கிருஷ்ணப்பன் வந்துவிட்டார். முனிராஜும் அவளுக்குப் போர்த்திய சால்வைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்து நின்றான்.

"சிரிக்கவெக்க எனக்கு ஆளுங்க நெறைய கெடைப்பாங்கம்மா" என்றார் கிருஷ்ணப்பன். "தோத்துப்போறதுக்குத் துணிஞ்சு பேசற ஆளு கெடைக்கறது கஷ்டம். வர்ற மாசம் ஓசூருல மேடை. வர்றீங்களா?"

சசிகலா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் திறந்தாள். கண்ணீர்தான் கடகடவென்று இறங்கியது. புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியாமல் நின்றாள். கிருஷ்ணப்பன் கலவரமாகி முனிராஜைப் பார்த்தார்.

"வருவா சார்" என்றான் முனிராஜ். அவளை ஒரு தடவை பார்த்தான். "நான் கூட்டியாறேன். எத்தன ஊருக்குன்னாலும் கூட்டியாறேன்."